வெயிலும் சூடும் ஆகாத ரசாயனங்களைக் கோடையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் போதுமா?

கோடவுனில் இடம் இல்லாததால் சில டிரம்களை வெளியே யார்டில் நிறுத்தி, வெளிச்சம் படாமல் கருப்புத் தார்ப்பாயால் மூடி, வண்டி வரும்போது ஏற்றி அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், அதே மாதிரித் தார்ப்பாயை நானும் கட்டியிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேதியியல் படித்தவன் இல்லை. ரசாயனம் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் 14 வருடம் கோடவுனையும் டிஸ்பேட்சையும் பார்த்துக்கொண்டவன். "ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத்தாளில் எல்லாம் இருக்கிறதே, அதைப் படித்தால் தீர்ந்தது" என்று யாராவது கீழே எழுதக்கூடும். படிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும் என்றுதான் அதில் இருக்கும். சனிக்கிழமை மதியம் வரவேண்டிய வண்டி வராமல் போனால் சரக்கை எங்கே வைப்பது என்று இருக்காது. எங்களுக்கு நடந்தது அப்படி ஒரு சனிக்கிழமையில்தான்.

சரக்கு 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 40 பிளாஸ்டிக் டிரம். இதற்கு வரும் மூடி சாதாரண மூடி இல்லை. நடுவில் ஒரு சின்னத் துளையும் அதன்மேல் ஒரு சவ்வும் இருக்கும். உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும், திரவம் வராது. வென்ட் மூடி என்போம். அன்று மூன்று டிரம்களில் மூடியைச் சுற்றி ஈரம் தெரிந்தது. லோடிங்கில் இருந்த ஒருவர், வேறு காலி டிரம்களில் இருந்த சாதாரண மூடிகளை எடுத்து மாற்றி இறுக்கிவிட்டு என்னிடம் வந்து சொன்னார். கசிவு நின்றதா என்று மட்டும் கேட்டேன். நின்றுவிட்டது என்றார். கையெழுத்துப் போட்டேன்.

வண்டி வரவில்லை. அடுத்த நாள் ஞாயிறு, திங்களும் விடுமுறை. உள்ளே வேறு சரக்கு நிறைந்திருந்தது. நாற்பதையும் மரப் பாலட்டில் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) ஏற்றி யார்டில் நிறுத்தினோம். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்பது எங்களுக்குத் தெரியும் என்பதால் கருப்புத் தார்ப்பாயைப் போட்டு நான்கு பக்கமும் கயிற்றை இழுத்துக் கட்டினோம். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

செவ்வாய் காலை வாட்ச்மேன் போன் செய்தார். "சார், தார்ப்பாய் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் அந்த மூன்று டிரம்களும் மேலும் கீழும் உருண்டையாக உப்பியிருந்தன. அடிப்பாகம் வளைந்துபோனதால் நேராக நிற்க முடியாமல் பக்கத்து டிரம்மில் சாய்ந்து நின்றன. மற்ற 37 டிரம்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சப்ளையரின் அவசர எண்ணுக்குக் கூப்பிட்டேன். பேசிய அம்மா முதலில் கேட்டது, "உப்பிய பிறகு மூடியில் யாராவது கை வைத்தீர்களா?" இல்லை என்றேன். "வைக்கவே வைக்காதீர்கள். ஆட்களை விலக்குங்கள். தூரத்தில் இருந்து தண்ணீர் அடித்துக்கொண்டே இருங்கள்" என்றார்.

மூன்று மணி நேரம் அடித்தோம். நடுவில் ஒரு டிரம் அடித் தையலில் பிளந்து பாலட் மீது கொட்டியது. மரத்திலிருந்து உடனே புகை வந்தது. இந்த வலுவில் இருக்கும் பெராக்சைடு மரத்தையே பற்றவைத்துவிடும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் தீயாகவில்லை. யாருக்கும் காயம் இல்லை. அன்று மதியம் நிழலில் வெப்பமானி 39 காட்டியது. அதே தார்ப்பாயை ஓரமாக விரித்து, அதற்கு அடியில் வைத்துப் பார்த்தேன். 57.

கருப்புத் தார்ப்பாய் வெளிச்சத்தை நிறுத்தும். ஆனால் வெயிலை உறிஞ்சி உள்ளே சூட்டை ஏற்றும், நான்கு பக்கமும் கட்டிவிட்டால் அந்தச் சூடு வெளியேற வழி இருக்காது. பெராக்சைடு சும்மா இருக்கும்போதே மெல்லச் சிதைந்து தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் ஆகிக்கொண்டிருக்கும் பொருள். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 50 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டர் முழுக்கச் சிதைந்தால் சுமார் 200 லிட்டர் ஆக்சிஜன் வரும். சிதையும்போது சூட்டையும் தானே உண்டாக்கும். மற்ற 37 டிரம்களும் அதே சூட்டில்தான் நின்றன, மூடி சரியாக இருந்ததால் தப்பின. வேறு டிரம்மின் மூடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இரும்பு, செம்பு, மாங்கனீசு கொஞ்சம் ஒட்டியிருந்தாலே சிதைவு பல மடங்காகும். வெளியே எடுத்த பெராக்சைடைத் திரும்ப டிரம்மில் ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான்.

அப்புறம் விசாரணை நடந்தது. அறிக்கையில் மூடியை மாற்றியவர் பெயர் இருந்தது, "பணியாளரின் கவனக்குறைவு" என்று. கையெழுத்துப் போட்ட என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் எழுதிக் கொடுத்தும் சேர்க்கவில்லை. அந்த மூடியில் ஏன் துளை இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. டிரம்மில் ஒட்டியிருந்த எச்சரிக்கையும் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. அவர் கசிவைப் பார்த்தார், நிறுத்தினார், மறைக்காமல் வந்து சொன்னார். இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பொருள் என்று எழுதவில்லை. பெராக்சைடு அல்லது சோடியம் ஹைப்போகுளோரைட்டாக (ப்ளீச் திரவம்) இருக்கும் என்று நினைக்கிறேன். ஹைப்போகுளோரைட்டுக்கும் வென்ட் மூடிதான், வெளிச்சம் புகாத டிரம்தான். அது சூட்டில் வேகமாக வலு இழக்கும். அதிக வலுவில் இருப்பதுதான் சீக்கிரம் கெடும். அதனால் அதிக நாள் வைக்க வேண்டியிருந்தால், உங்கள் உபயோகத்துக்கு ஒத்துவருமென்றால், வந்தவுடன் நல்ல தண்ணீரில் பாதி வலுவுக்குக் குறைத்து வையுங்கள். சிதைவு நான்கில் ஒரு பங்குக்குக் குறையும்.

அக்ரிலிக் அமிலம், ஸ்டைரீன் மாதிரி மோனோமராக, அதாவது பிளாஸ்டிக் போன்ற பாலிமர்களுக்கு மூலப்பொருளாக இருந்தால் கதையே வேறு. இவை தாங்களாகவே இறுகிப் பாலிமராகும், அப்போது சூட்டைக் கக்கும். அதைத் தடுக்கச் சேர்க்கும் பொருளான இன்ஹிபிட்டர் வேலை செய்யத் திரவத்தில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து நைட்ரஜன் நிரப்பிவிட்டால் இன்ஹிபிட்டரின் கையைக் கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்காக ஐஸ் போலக் குளிரவைக்கவும் கூடாது. அக்ரிலிக் அமிலம் 13 டிகிரியில் உறையும். உறையும்போது இன்ஹிபிட்டர் திரவப் பகுதியில் ஒதுங்கிவிடும். பாதி உருகிய டிரம்மிலிருந்து மேலாக ஊற்றி எடுத்தால் மிச்சத்துக்குப் பாதுகாப்பு இல்லை. 15 முதல் 25 டிகிரி என்பதுதான் அதற்கு ஏற்ற இடம்.

காத்திருக்கும் நாட்கள்தான் அதிக ஆபத்து. 2012 ஜூலையில் எம்எஸ்சி ஃப்ளாமினியா என்ற கப்பல் அட்லாண்டிக் நடுவில் வெடித்துத் தீப்பிடித்தது, மாலுமிகள் மூன்று பேர் இறந்தார்கள். காரணம் டாங்க் கண்டெய்னர்களில் இருந்த டைவினைல்பென்சீன், அதுவும் ஒரு மோனோமர்தான். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் கோடை வெயிலில் சுமார் பத்து நாள் நின்றது, பிறகு கப்பலில் சூடான டாங்குகளுக்குப் பக்கத்தில் பயணம் செய்தது. அத்தனை நாள் சூடு சேர்ந்து இன்ஹிபிட்டர் தீர்ந்துபோனது. இதைப் படித்தபோது எங்கள் யார்டு கண்முன் வந்தது. அனுப்பும் முன் வழியில் எங்கே, எத்தனை நாள் நிற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். விடுமுறைக்கு முன்னால் லோடு விடாதீர்கள், வாங்குபவர் இறக்கத் தயாரா என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

ரீஃபர் கண்டெய்னர் (குளிர்சாதனப் பெட்டகம்) எடுத்தால் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். அது குளிர்ந்த சரக்கைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். சூடான சரக்கைக் குளிரவைக்க அதற்குத் திராணி இல்லை, அதனால் முன்பே குளிரவைத்து ஏற்றுங்கள். வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகரைக் கதவோரம் வைக்காமல் நடு டிரம்களுக்கு இடையில் வையுங்கள். கரிமப் பெராக்சைடாக இருந்தால் தானாகவே சிதைவு வேகமெடுக்கும் வெப்பநிலையைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். அது 20 முதல் 35 டிகிரிக்குள் என்றால், பயணத்தில் அதற்கு 15 டிகிரி கீழேயே வைத்திருக்க வேண்டும், சூடு ஏறி இடைவெளி 10 டிகிரியாகக் குறைந்தாலே அவசர நடவடிக்கை. எந்தத் திரவத்தையும் விளிம்புவரை நிரப்பக் கூடாது. 55 டிகிரியில் விரிந்தாலும் உள்ளே இடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது போக்குவரத்து விதி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சரக்குக்கு 25 டிகிரி வேண்டும் என்று ஓடும் நாம், அதைக் கொண்டுவரும் டிரைவரை வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் ஆறு மணி நேரம் நிறுத்தி வைக்கிறோம். குடிக்கத் தண்ணீர் இல்லை, கழிப்பறைக்கு உள்ளே விடுவதில்லை. நான் இருந்த இடத்தில் ஒரு நிழல் கூரை கேட்டு மூன்று வருடம் எழுதினேன். வரவில்லை. உங்களிடம் இடம் இருந்தால் அதைப் போடுங்கள். டிரம்களுக்கும் தார்ப்பாய்க்குப் பதில் அதே மாதிரி நான்கு பக்கமும் திறந்த, வெள்ளை அடித்த உயரமான கூரைதான் வேண்டும், தரையில் மரப் பாலட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பாலட்.

கூரை போடும்வரை, வண்டி வரும் முன் ஒவ்வொரு டிரம்மின் மூடியையும் நீங்களே போய்ப் பாருங்கள். கசியும் டிரம் இருந்தால் இறுக்காமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, சப்ளையருக்குப் போன் செய்யுங்கள்.