நானோ சாம்பிளைக் கெடுக்காமல் எக்ஸ்ரே: கேள்வி பதில்

பெங்களூரு ஆய்வு மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் பகுதி.

மல்லேஸ்வரம்: அக்கா, மெதில் அம்மோனியம் லெட் (ஈய) அயோடைடு பெரோவ்ஸ்கைட் (சோலார் செல்லுக்கான ஒரு படிகப் பொருள்) நானோபடிகங்களை சின்க்ரோட்ரானில் (மிகப் பிரகாசமான எக்ஸ்ரே தரும் பெரிய கருவி) வைத்தேன். பத்து நிமிடத்தில் லெட் அயோடைடு இருப்பதைக் காட்டும் பீக் (வரைபடத்தில் கூர்முனை) வந்துவிட்டது. சாம்பிளே சரியில்லையா?

முதலில் பீம், அதாவது எக்ஸ்ரே கற்றை, படாத ஓர் இடத்தைப் பாருங்கள். அங்கே அந்த பீக் இல்லையென்றால் சாம்பிள் மேல் தப்பில்லை. எக்ஸ்ரே ஈயத்திலிருந்தும் அயோடினிலிருந்தும் எலெக்ட்ரானைப் பிடுங்கி எறிகிறது. அது போகிற வழியெல்லாம் பிணைப்புகளை உடைக்கும். மெதில் அம்மோனியம்தான் முதலில் சிதைந்து வாயுவாகப் போகும், மஞ்சள் லெட் அயோடைடு மிஞ்சும். பீமுக்குக் குறுக்கே அலுமினியத் தகடு வைத்து மங்கலாக்குங்கள். டிடெக்டர் எண்ணும்போது மட்டும் ஷட்டர் திறக்கட்டும். நீளமாக ஒன்று எடுக்காமல் குட்டிக் குட்டி ஃபிரேம்களாக (தனித்தனிப் பதிவுகளாக) எடுத்து, முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இதைச் செய்யாத டேட்டாவை நான் நம்ப மாட்டேன்.

யஷ்வந்த்பூர்: எத்தனை கிரே வரை தாங்கும்?

ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் கதிர்வீச்சு ஆற்றல் தங்கினால் ஒரு கிரே. உறைந்த புரதப் படிகங்களுக்கு 3 கோடி கிரே என்பார்கள். அந்த எண்ணை உங்கள் பொருளுக்கு எடுத்துவிடாதீர்கள்.

கோரமங்களா: நைட்ரஜன் ஜெட்டில் 100 கெல்வினுக்குக் குளிர்வித்தால் போதாதா? புரத ஆய்வில் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

சிதைவு மெதுவாகும், உண்மைதான். ஆனால் அந்தப் பெரோவ்ஸ்கைட் 160 கெல்வின் அருகே படிக அமைப்பையே மாற்றிக்கொள்ளும். அறை வெப்பத்தில் வேலை செய்யும் சோலார் செல்லைப் பற்றிய கேள்விக்கு வேறொரு பொருளின் பதில் கிடைக்கும்.

கோரமங்களா: கெட்டுப்போன சாம்பிளைவிட அது மேல் இல்லையா?

இல்லை. கெட்டுப்போனதை ஃபிரேம்களை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். தவறான அமைப்பைச் சரியென்று எழுதிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? புரதத்துக்குக் குளிர் சரி. இங்கே 200 கெல்வினில் நிறுத்துங்கள், படிக அமைப்பும் மாறாது.

கோரமங்களா: அதை ஏற்கிறேன்.

ஜாலஹள்ளி: தங்க உப்புக் கரைசலில் பீம் பட்டதும் துகள் வளர்கிறதே?

பீம் தண்ணீரை உடைக்கிறது. அதில் பிறக்கும் எலெக்ட்ரான்கள் தங்க அயனியைத் தங்கமாக்குகின்றன. கரைசலை ஓடவிட்டு அளவிடுங்கள்.

ஹெப்பால்: எவ்வளவு நேரம் பீமில் வைக்கலாம்?

மேலே சொன்னதுதான். முதல் ஃபிரேம், கடைசி ஃபிரேம்.

பன்னேர்கட்டா சாலை: அம்மாவுக்கு அடிக்கடி எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஆபத்தா?

டாக்டரிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

இந்திராநகர்: சிதைவே இல்லாத வழி உண்டா?

சிதைவதற்குள் படம் எடுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் எக்ஸ்ரே லேசரில் ஃபெம்டோசெகண்ட் (நொடியின் மிகமிகச் சிறிய துணுக்கு) துடிப்புகளால் புரத நானோபடிகங்களை அப்படிப் படமெடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். ஒரு துடிப்புக்கு ஒரு படிகம் போய்விடும், அடுத்ததற்குப் புதுப் படிகம் வரவேண்டும்.