லார்ட்ஸ் குருவி – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு லண்டன் போனபோது லார்ட்ஸ் மைதானத்தையும் அங்குள்ள அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். ஆஷஸ் கோப்பையைக் கண்டதும் சப்பென்று ஆகிவிட்டது, அவ்வளவு சின்னது. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தோம். விளையாட்டு அருங்காட்சியகங்களுக்குக் காசு கொடுத்துப் போவது தண்டம்தானா? ஐரோப்பாவில் பார்க்கத் தகுந்தது வேறு ஏதாவது உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பத்து நிமிடமா? விமானம் ஏறி அவ்வளவு தூரம் போய்விட்டுப் பத்து நிமிடம் என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

குடுவை சின்னதுதான், சுமார் 11 சென்டிமீட்டர். அது கோப்பையாகச் செய்யப்பட்டதே இல்லை. 1882-ல் லண்டனின் இன்னொரு மைதானமான ஓவலில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோது இங்கிலாந்து கிரிக்கெட் செத்துவிட்டது என்று ஒரு பத்திரிகை கிண்டலாக மரண அறிவிப்பு போட்டது. அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போன இங்கிலாந்து கேப்டன் ஐவோ பிளைக்கு அங்கே விளையாட்டாகக் கொடுத்த மண்குடுவை அது. சரி, அதை விடுங்கள்.

குருவியைப் பார்த்தீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பார்த்திருக்க மாட்டீர்கள்.

1936 ஜூலை 3. அதே லார்ட்ஸ் மைதானத்தில் அதன் சொந்தக்கார கிளப்பான எம்.சி.சி.க்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஜஹாங்கீர் கான் வீசிய பந்து குறுக்கே பறந்த ஒரு சிட்டுக்குருவி மேல் பட்டது. எதிரே மட்டையோடு நின்ற எம்.சி.சி. ஆட்டக்காரர் பியர்ஸ் பந்தைத் தடுத்து ஆடிவிட்டார், குருவி ஸ்டம்பை ஒட்டி விழுந்து கிடந்தது, ஸ்டம்பின் மேலிருக்கும் பெயில் விழவில்லை. அந்தக் குருவியைப் பாடம் செய்து, அந்தப் பந்தின் மேலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்த ஜஹாங்கீர் கான் யார் தெரியுமா? ஜலந்தர்ப் பக்கத்துக்காரர். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் மஜித் கானின் அப்பா. 1932 ஜூன் 25 அன்று இதே லார்ட்ஸில் சி.கே. நாயுடு தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்ட்டை ஆடத் தொடங்கியபோது அணியில் இருந்தவர், இரண்டாவது இன்னிங்ஸில் நான்கு விக்கெட் எடுத்தவர். அந்த நான்கு விக்கெட்டையும் இன்றைக்கு யார் சொல்கிறார்கள்? 51 வருடம் கழித்து அதே தேதியில் கபில் தேவ் அங்கே உலகக் கோப்பையைத் தூக்கியது நம் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் நாள் ஆடியவரைக் கேட்டால் விழிப்போம். அவர் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது பாவம், அந்தச் செத்த குருவி.

நான் போனது பல வருடம் முன்பு. முட்டிவலி வேறு, உட்கார இடம் தேடித்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் ஒதுங்கினேன். பழுப்புச் சிறகும் குச்சிக் காலுமாக, இப்போதுதான் பந்தில் வந்து இறங்கியதுபோல நின்றது. பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் அம்மாவிடம், “அப்போ அவர் அவுட்டா?” என்று கேட்டான். அம்மா குடுவையைப் பார்க்கும் அவசரத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பதில் தெரியும். வேற்று நாட்டில் யாரோ ஒரு பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்ற தயக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், இன்னும் அது உறுத்துகிறது.

காசு தண்டமா என்பதெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் பர்ஸ். வேறு இடம் வேண்டுமென்றால் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து ஏரிக்கரையில் ஒலிம்பிக் அருங்காட்சியகம் இருக்கிறது, போய் வாருங்கள். பிள்ளைகளை முன்னால் நடக்க விடுங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே நீங்களும் நில்லுங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பியர்ஸ் அவுட் இல்லை.