ஓதம், வெடிப்பு, மதில்: டெல்டா வாசகர்களின் சுவர்க் கேள்விகள்

எங்கள் காம்பவுண்டுச் சுவர் ஒவ்வொரு சித்திரையிலும் மூலைவாட்டில் வெடிக்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்தால், மழைக்குப் பிறகு பக்கத்திலேயே புதிதாக ஒரு வெடிப்பு. கலவை சரியில்லை என்கிறார் கொத்தனார். அப்படியா?
– வாசகர், மன்னார்குடி

கலவை மேல் பழி போட வேண்டாம். கோளாறு மண்ணில் இருக்கிறது. நம் பகுதிக் களிமண் ஈரம் ஏறினால் உப்பிக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கும். அறுவடை முடிந்த வயலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறதே, அதே மண்தான் உங்கள் கடைக்காலுக்குக் கீழேயும் இருக்கிறது. வீட்டுச் சுவருக்குத் தளத்தின் பாரம் உண்டு. அது மண்ணை ஓரளவு அமுக்கி வைக்கும். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பாரம் கிடையாது. கடைக்காலும் பெரும்பாலும் இரண்டடியோடு நின்றுவிடும். மண் தூக்கினால் தூக்கிய பக்கம் எழும்பும், இறங்கினால் கூடவே இறங்கும்.

கோடையில் வெடிப்பு அகலமாக இருக்கும்போது அடைப்பதுதான் பெரிய தவறு. அப்போது வைத்த சிமெண்ட் ஆப்பு மாதிரி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி மழையில் மண் ஊறி, வெடிப்பு மூட வரும்போது இடமில்லாமல் சுவர் வேறு இடத்தில் பிளக்கும்.

முதலில் வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு கோடு போட்டு, இடைவெளியை அளந்து, தேதியைச் சுவரிலேயே எழுதுங்கள். மாதம் ஒரு முறை அளந்தால் போதும். கோடையில் விரிந்து மழையில் சுருங்கினால் காரணம் மண்தான். எந்தக் காலத்திலும் சுருங்காமல் விரிந்துகொண்டே போனால் கடைக்கால் உட்காருகிறது என்று பொருள். அதைப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.

மண்தான் காரணம் என்றால், வெடிக்கிற இடத்தில் மேலிருந்து கடைக்கால் வரை நேராக அரை இஞ்ச் இடைவெளி வெட்டிவிடுங்கள். சுவர் இரண்டு துண்டாகித் தன் போக்கில் அசையட்டும். புதிதாகக் கட்டும்போதே 20 முதல் 30 அடிக்கு ஓர் இடைவெளி விடுவது நல்லது. பக்கத்தில் வேப்பமரமோ தூங்குமூஞ்சியோ இருந்தால், வேர் கோடையில் அந்தப் பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சும். வெடிப்பு மரத்தை ஒட்டியே வருகிறதா என்று பாருங்கள்.

இடித்துக் கட்டுவதானால் வாணம் தோண்டுவதை விட, துளையிட்டு இறக்கும் கான்கிரீட் தூண், அதாவது பைல், நல்லது. அடியில் குடம் போல் அகலும் அண்டர் ரீம்டு பைல் இத்தகைய மண்ணுக்கென்றே ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. ஆழமான களிமண்ணில் 3.5 மீட்டராவது இறங்க வேண்டும். பைல்களின் தலையைச் சேர்க்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவில் மூன்று இஞ்ச் காலியாக இருக்கட்டும். மண் உப்ப இடம் வேண்டும். பலரும் இந்த இடைவெளியை மண் போட்டு அடைத்துவிட்டு, பைல் போட்டும் வெடிக்கிறதே என்கிறார்கள்.

வீட்டுச் சுவரில் மூன்றடி உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூக்கிறது. இரண்டு முறை பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை.
– வாசகி, வேதாரண்யம்

சிமெண்ட் பூசியதால்தான் நிற்கவில்லை. தரையின் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல் வழியாக ஏறுகிறது. சுவர்ப் பரப்பில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். பூச்சுக்குப் பின்னால் அது படிகமாகும்போது தள்ளுகிற வேகத்தில் பெயிண்டும் பூச்சும் பொருமுகின்றன. கெட்டியான சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஆவியை வெளியே விடாது. ஓதம், அதாவது தரையிலிருந்து ஏறும் இந்த ஈரம், வழி தேடி இன்னும் மேலே ஏறும். உங்கள் ஊர்ப் பக்கம் நிலத்தடி நீரே உப்பு என்பதால் இது விடாமல் நடக்கும்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே போடுவதால், தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டதா? பேஸ்மட்டத்தில் ஓதம் தடுக்கப் போட்ட டிபிசி பட்டைக்கு மேலே வாசல் மண் ஏறிவிட்டால் அந்தப் பட்டை இருந்தும் பயனில்லை. மண்ணை அரையடியாவது பட்டைக்குக் கீழே இறக்கி, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வாட்டம் கொடுங்கள். பாதி வீடுகளில் இதுவே போதும்.

அடுத்து, ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இணைப்புகளை அரை இஞ்ச் ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து, கூட்டி அள்ளி, தூரக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். மாசியில் கொத்தினால் ஆனி வரை திறந்தே கிடக்கட்டும். இடையில் பூக்கும் உப்பையும் தேய்த்து எடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிபிசியே இல்லாத பழைய சுவரானால், தரையை ஒட்டிய இணைப்பில் 12 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, சிலேன் என்ற வேதிப்பொருள் கலந்த ஓதத்தடுப்பு கிரீமை நிரப்பலாம். துளை செங்கல்லில் இல்லாமல் கலவையில் விழ வேண்டும்.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நன்கு நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு. முதல் பூச்சு அரை இஞ்ச், அது இறுகியபின் கால் இஞ்ச். கலக்கும் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், கரித்தால் வேண்டாம். முகத்துவாரத்து மணலும் வேண்டாம்.

மதில் வேறு, சுவர் வேறா?
– வாசகர், கும்பகோணம்

வீட்டுக்குச் சுவர், கோயிலுக்கும் கோட்டைக்கும் மதில். எயில், இஞ்சி, புரிசை எல்லாம் இந்த மதிலுக்கான பழைய பெயர்கள். அதைக் காத்து நின்று போரிடுவது நொச்சித்திணை, முற்றுகையிடுவது உழிஞைத்திணை. திருவானைக்காவின் வெளி மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். சிவனே சித்தராக வந்து வேலையாட்களுக்குத் திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தார், அது பொன்னானது என்பது தலபுராணம். வீட்டிலோ மொட்டைமாடி ஓரத்தில் நிற்பது கைப்பிடிச்சுவர், அறையைப் பிரிப்பது குறுக்குச்சுவர், இடிந்து பாதி நிற்பது குட்டிச்சுவர்.

வாய்க்கால் கரையில் கட்டிய ஐந்தடிக் கல்சுவர் நடுவில் பிதுங்கி நிற்கிறது. தண்ணீர் ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை, நிறுத்திய வாரத்தில் பிதுங்கியது.
– வாசகர், திருவையாறு

கவனித்து எழுதியிருக்கிறீர்கள். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். அத்தனை மாதமும் கரைமண் ஊறிக் கிடக்கும். வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்வரை அது முன்பக்கமாகச் சுவரைத் தாங்குகிறது. நிறுத்தியதும் அந்தத் தாங்கல் சில நாளில் போய்விடும். பின்னால் ஊறிய மண் மட்டும் முழு எடையோடு தள்ளும்.

சுவரின் பின்னால் ஓரடி அகலத்துக்குக் களிமண்ணை எடுத்துவிட்டு ஜல்லியும் மணலும் நிரப்புங்கள். ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று இஞ்ச் பிவிசி குழாயை வெளிப்பக்கம் சற்றுச் சரித்து வையுங்கள். உள்வாயில் ஜல்லி இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் சேறு அடைத்துவிடும். ஐந்தடி உயரத்துக்குச் சுவரின் அடிப்பாகத்தில் அகலம் இரண்டரையிலிருந்து மூன்றடி வேண்டும். ஒன்றரையடியில் கட்டியிருந்தால் எத்தனை குழாய் வைத்தாலும் நிற்காது. பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

100 சதுர அடிச் சுவருக்கு எவ்வளவு செங்கல்?
– வாசகி, பாபநாசம்

நாட்டுச் செங்கல்லில் 9 இஞ்ச் சுவருக்கு ஏறக்குறைய 1,000, நாலரை இஞ்சுக்கு 500. முதலாவதற்கு 1:6 கலவை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு), சிமெண்ட் மூன்று மூட்டைக்குள் முடியும். இரண்டாவதற்கு 1:4, நான்கு வரிக்கு ஒரு முறை 6 மி.மீ. கம்பி ஓட்டுங்கள். செங்கல்லைத் தொட்டியில் நனைக்காமல் வைத்தால் அது கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், கலவை பொடியாய் உதிரும். ஒரே நாளில் நாலடிக்கு மேல் ஏற்ற விடாதீர்கள்.

பெரிய கோயில் ஓவியம் ஆயிரம் ஆண்டு நிற்கிறது, எங்கள் வீட்டுப் பெயிண்ட் இரண்டு ஆண்டில் உரிகிறதே?
– வாசகர், தஞ்சாவூர்

கருவறையைச் சுற்றிய உள்நடையில் 1931-இல் வரலாற்றுப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள், ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டப்பட்டவை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கிக் கல்லாக இறுகும்போது நிறமும் அதிலேயே பிடித்துக்கொள்கிறது. மேலே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியங்கள் தீட்டியும் அடியில் இருந்தது அழியவில்லை. நம் பெயிண்ட் மேலே ஒட்டிய தோல்தான். பின்னால் ஈரம் வந்தால் உரியும். புதுப் பூச்சுக்கு ஒரு மாதமாவது காய விடுங்கள். சுண்ணாம்பு அடிப்பதானால் சுவரை நனைத்து, பால் பதத்தில் மூன்று மெல்லிய பூச்சாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் விட்டு அடியுங்கள். ஒரே பூச்சாகக் கெட்டியாக அடித்தால் கையில் ஒட்டும்.