கனவு என்று தெரிந்த பிறகு என்ன செய்வது?

தூங்கிக்கொண்டே ‘இது கனவு’ என்று உணர்ந்து காணும் லூசிட் கனவுகளைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, ‘அட, கனவு!’ என்று தோன்றியதுமே முழிப்பு வந்துவிடுகிறது. என்ன செய்ய?

பதில்: சந்தோஷம்தான் உங்களை எழுப்புகிறது, தம்பி. தெரிந்ததும் பறக்கக் கிளம்பாதீர்கள். நின்ற இடத்திலேயே உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து, சூடு தெரிகிறதா என்று பாருங்கள். கவனம் கனவுக் கைகளில் இருக்கும்வரை, கட்டிலில் கிடக்கும் உடம்பின் பக்கம் போகாது. காட்சி மங்கினால் தட்டாமாலை சுற்றலாம். இரண்டுமே இத்துறையில் முன்னோடியான ஸ்டீபன் லபெர்ஜ் சோதித்துப் பார்த்தவை. ஒரு எச்சரிக்கை: சுற்றி முடித்ததும் கட்டிலில் முழித்ததுபோல் இருக்கும், அதுவும் கனவாக இருக்கலாம். மூக்கை இறுக்கிப் பிடித்து மூச்சை இழுங்கள். காற்று வந்தால் இன்னும் கனவில்தான் இருக்கிறீர்கள்.

கேள்வி: எனக்கு முழிப்பு வருவதில்லை. ஆனால் கனவு என்பதே பாதியில் மறந்து, கதையோடு போய்விடுகிறேன்.

பதில்: என்னைக் கேட்டால், கட்டுப்பாடு என்பதே இந்த மறதியைச் சமாளிப்பதுதான். கனவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், ஆள் காலி. டீக்கடைக்காரர் சில்லறை கேட்பார், நானும் மும்முரமாகப் பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவேன். அதனால் அவ்வப்போது ‘இது கனவு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தூங்கப் போகும்முன் ஒரே ஒரு சின்ன வேலையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆய்வகத்திலும் இதே கதைதான். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வொர்ஸ்லி என்பவர், முன்பே பேசிவைத்தபடி கனவுக்குள்ளிருந்து கண்ணை இடமும் வலமும் அசைத்துக் காட்டினார். ஆய்வாளர் கீத் ஹெர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார். 2021-இல் வெளியான ஆய்வில், எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று தூங்குகிறவரிடம் கேட்டார்கள். அவர் கண்ணை இரண்டு முறை அசைத்து விடை சொன்னார்! செய்ய வேண்டியதை மறக்காமல் இருந்ததுதான் அங்கே பெரிய சாமர்த்தியம்.

கேள்வி: சார், ‘கடலே வா’ என்று கத்தினேன். ஒன்றும் வரவில்லை.

பதில்: கத்தும்போதே ‘வருமா?’ என்று ஒரு சந்தேகம் இருந்திருக்கும், கனவு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு கதவைப் பார்த்து, அதற்குப் பின்னால் கடல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் பலிக்கும். ஒருமுறை மட்டும் பாத்ரூம் வந்தது.

கேள்வி: உள்ளேயே மாட்டிக்கொண்டால்? அமுக்குவான் பிடித்தால்?

பதில்: மாட்டிக்கொள்ள மாட்டீர்கள், கனவு வரும் தூக்கக் கட்டம் தானாக முடிந்துவிடும். சீக்கிரம் வெளியே வர வேண்டுமென்றால், ஒரு பொருளைக் கண் அசையாமல் உற்றுப் பாருங்கள், பலருக்குக் கனவு கலைந்துவிடும். அமுக்குவான் என்பது, மூளை விழித்தும் தசைகள் இன்னும் தூக்கத்தின் பிடியிலேயே இருக்கும் நிலை. சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். மெதுவாக மூச்சுவிட்டு, ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள்.

கேள்வி: தினமும் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து முயற்சி செய்யலாமா?

பதில்: வேண்டாம். நீண்ட கனவுகள் விடியற்காலையில்தான் வரும் என்பது உண்மை. ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் பகலெல்லாம் தலை பாரமாக இருக்கும். லீவு நாளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.