எம்.எஸ்சி பயோடெக் முடிச்சிருக்கேன், செல் பயாலஜி லேப்ல ஆராய்ச்சி வேலைக்கு எங்க தேடணும்?

முதல்ல ஜாப் போர்ட்டல்ல தேடுறதை நிறுத்துங்க, அங்க பயோடெக்னு போட்டா மெடிக்கல் கோடிங்கும் ஃபார்மா சேல்ஸும்தான் கொட்டும். ஆராய்ச்சி வேலை எல்லாம் அந்தந்த இன்ஸ்டிட்யூட் வெப்சைட்ல ஏதோ ஒரு மூலையில ஒரு போஸ்ட், ரெண்டு போஸ்ட்னு பிடிஎஃப்பா கிடக்கும். ஹைதராபாத் சி.சி.எம்.பி, பெங்களூரு என்.சி.பி.எஸ், இன்ஸ்டெம், புனே என்.சி.சி.எஸ், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி சென்டர், நம்ம பக்கம்னா சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஐ.ஐ.டி மெட்ராஸ், வேலூர் ஸ்டெம் செல் சென்டர், இதெல்லாம் புக்மார்க் பண்ணி வாரம் ஒரு தடவை பாத்துடுங்க, ஏன்னா கடைசி தேதிக்கு ரொம்ப டைம் குடுக்க மாட்டாங்க.

விளம்பரத்துல எல்லாரும் சம்பளத்தைத்தான் பாக்குறாங்க. நான் பாக்கச் சொல்றது பிராஜெக்ட் எப்ப முடியுதுங்கிறதை. 3 வருஷ பிராஜெக்ட்ல ஏற்கனவே 2 வருஷம் ஓடி, முன்னாடி இருந்த ஆளு பிஹெச்டிக்கு போயிட்டதால அந்த சீட்டு காலியாகியிருக்கும், உங்களுக்கு மிச்சம் 1 வருஷம்தான், அதுல செல் லைன் (லேப்ல தொடர்ந்து வளர்த்துட்டு வர்ற ஒரே வகை செல்) கைக்கு பழகவே பாதி போயிடும். தேதி போடலைன்னா இன்டர்வியூலயே கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

அடுத்து ஜே.ஆர்.எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ)னு ஒரே பேர்ல ரெண்டு விஷயம் இருக்கு. சி.எஸ்.ஐ.ஆர் நெட்ங்கிற தேசிய தகுதித் தேர்வு எழுதி வாங்குற ஜே.ஆர்.எஃப் உங்க பேர்ல வர்ற ஃபெலோஷிப், பிஹெச்டிக்கு எந்த லேப் சேத்துக்குதோ அங்க கொண்டு போலாம். பிராஜெக்ட் ஜே.ஆர்.எஃப் பி.ஐ-யோட (லேபை நடத்துற விஞ்ஞானி) கிராண்ட்ல, அதாவது அவர் பிராஜெக்டுக்கு வாங்கின நிதியில இருந்து வர்றது, கிராண்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. 2023-ல ஜே.ஆர்.எஃப் தொகை மாசத்துக்கு 31,000-ல இருந்து 37,000 ஆச்சு, அதுக்கு அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோ) 42,000, வீட்டு வாடகைப்படி தனி. நெட், கேட்னு ரெண்டு தேர்வும் பாஸ் பண்ணாதவங்க பெரும்பாலும் பிராஜெக்ட் அசோசியேட்டாதான் சேருவாங்க, தொகை குறைவு. அதனால சேர்ந்தாலும் நெட்டுக்கு படிக்கிறதை விடாதீங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது. பயோடெக் ஆளுங்களுக்கு டி.பி.டி (மத்திய பயோடெக்னாலஜி துறை) ஃபெலோஷிப்புக்கான பெட் எக்ஸாமும் இருக்கு, அதை நிறைய பேர் மறந்துடுறாங்க.

இன்டர்வியூ பத்தி. சி.வி-ல வெஸ்டர்ன் பிளாட், பிசிஆர், செல் கல்ச்சர்னு எல்லாரும் எழுதுறாங்க, காலேஜ்ல சார் செஞ்சு காட்டினதை தள்ளி நின்னு பாத்தவங்களும் எழுதுறாங்க. அதை உடைக்கத்தான் கேள்வியே. "மீடியால பென்-ஸ்ட்ரெப் போட்டிருக்கோமே, அப்புறம் மைக்கோபிளாஸ்மா எப்படி வருது?"னு கேப்பாங்க. மீடியாங்கிறது செல் வளர்ற சத்து திரவம், பென்-ஸ்ட்ரெப்னா பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவை, மைக்கோபிளாஸ்மா ரொம்பச் சின்ன பாக்டீரியா. பென்சிலின் அடிக்கிறது செல் வால் கட்டுறதை, மைக்கோபிளாஸ்மாவுக்கு செல் வாலே கிடையாது, அதுக்கு மேல மீடியா கலங்கவும் செய்யாது, மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஃபிளாஸ்க் சுத்தமாத்தான் தெரியும், பிசிஆரோ டிஎன்ஏ ஸ்டெய்னோ போட்டாதான் மாட்டும். இதை மனப்பாடம் பண்ணாம தட்டுத்தடுமாறி சொன்னாக்கூட போதும், கையில பிளேட் பிடிச்ச ஆளுன்னு தெரிஞ்சுடும். டிரிப்சினை ஏன் சீரம் இருக்கிற மீடியா ஊத்தி நிறுத்துறோம், செல்லை ஃப்ரீஸ் பண்ண டிஎம்எஸ்ஓ எதுக்கு, இதெல்லாமும் வரும். செய்யாததை சி.வி-ல போடாதீங்க, "பாத்திருக்கேன், தனியா செஞ்சதில்ல"னு சொல்றவங்களை எடுத்து கத்துக்குடுக்கிற பி.ஐ-கள் இருக்காங்க.

இன்னொண்ணு, செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் எல்லாம் தெரியாது. ஹீலா மாதிரி செல் கிட்டத்தட்ட ஒரு நாள்ல ரெண்டு மடங்காகும், ஃபிளாஸ்க் நிறைஞ்சா பாசேஜ் பண்ணியே, அதாவது பிரிச்சு புது ஃபிளாஸ்க்குக்கு மாத்தியே ஆகணும், லீவுல ஊருக்கு போறதுக்கு முன்னாடி யார் பாத்துப்பாங்கன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பணும். (வீட்டுல "கவர்மென்ட் வேலைதானே, சனி ஞாயிறு லீவு இல்லையா"ன்னு கேப்பாங்க, முதல்ல இது கவர்மென்ட் வேலையே இல்லன்னு புரிய வைக்கிறது தனி கதை.)

செலக்ட் ஆனதும் ஆர்டரை வாங்குறதுக்கு முன்னாடி அந்த லேப்ல ஏற்கனவே இருக்கிற ஒரு அக்காவையோ அண்ணனையோ கேன்டீன் பக்கம் பிடிச்சு ரெண்டு கேள்வி கேளுங்க: ஸ்டைபண்ட் மாசாமாசம் வருதா, வேலை செஞ்சவங்க பேரு பேப்பர்ல வருதா. ரெண்டாவது கேள்விக்கு அவங்க யோசிச்சு பதில் சொன்னா, அடுத்த விளம்பரத்துக்கும் அப்ளை பண்ணி வைங்க.