ஏரியோரம் சைட்: பெங்களூரு நில அளவையரிடம் சில கேள்விகள்

பெங்களூருவில் பல வருஷமாக நிலம் அளந்துவரும் நம்மவர் ஒருவரிடம், ஏரியோரம் மனை வாங்க நினைப்பவர்கள் கேட்டவையும் அவர் சொன்னவையும்.

கேள்வி: அண்ணா, வர்த்தூர் பக்கம் ஒரு சைட் பார்த்தோம். ஏரித் தண்ணீர் நூறு அடி தள்ளித்தான் நிற்கிறது. ஏரியோரம் கட்டடம் கட்டாமல் விட வேண்டிய 30 மீட்டரைத் தாண்டிவிட்டது, இல்லையா?

பதில்: தண்ணீரிலிருந்து அளந்தீர்களா? அங்கேதான் தப்பு, தம்பி. தண்ணீர் சித்திரையில் ஓரிடத்தில் நிற்கும், ஐப்பசியில் வேறிடத்தில் நிற்கும். 2015 மாஸ்டர் பிளான், அதாவது நகர வளர்ச்சித் திட்டம், சொல்லும் இந்த 30 மீட்டர் பஃபர் (கட்டக் கூடாத இடைவெளி), வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ள ஏரி எல்லையிலிருந்து. கிராம வரைபடம் வாங்கி, ஏரியின் சர்வே நம்பரைப் பாருங்கள். கர்நாடக அரசின் திசாங்க் செயலியிலும் சர்வே நம்பர் தெரியும். ஆனால் அது முதல் பார்வைக்கு மட்டும். செல்போன் நாலு மீட்டர் தள்ளிக் காட்டினால் உங்கள் சமையலறை பஃபருக்குள் போய்விடும். அரசு சர்வேயரை வைத்து அளந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் சைட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடுகிறது. அதற்கும் விதி உண்டா சார்?

பதில்: அது சாக்கடையாக இருக்காது, ராஜகாலுவேயாக இருக்கும். மேல் ஏரி நிரம்பினால் கோடி (உபரி நீர் வழியும் கலிங்கு) வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும் கால்வாய். நாம் கழிவை விட்டுச் சாக்கடை ஆக்கிவிட்டோம். அதே மாஸ்டர் பிளானில் முதல்நிலைக் கால்வாய்க்கு 50 மீட்டர், இரண்டாம்நிலைக்கு 25, மூன்றாம்நிலைக்கு 15. இரண்டு பக்கமும் விட வேண்டும். கால்வாயின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். அதாவது 10 மீட்டர் அகல இரண்டாம்நிலைக் கால்வாய் என்றால், கரையிலிருந்து 20 மீட்டர். 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபூர் ரோடு பக்கம் வில்லாக்காரர்களை டிராக்டரில் ஏற்றிப்போனார்களே, நினைவிருக்கிறதா? தண்ணீருக்குத் தன் பழைய வழி தெரியும்.

கேள்வி: ஏரிக்கு 75 மீட்டர் என்கிறார் என் மைத்துனர்.

பதில்: அவர் 2016-லேயே நின்றுவிட்டார். அந்த ஆண்டு மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மாஸ்டர் பிளான் அளவே செல்லும் என்றது. 2025-ல், ஏரியின் பரப்பைப் பொறுத்து இந்த இடைவெளியை மாற்றும் திருத்த மசோதாவும் சட்டசபைக்கு வந்தது. அதனால் நீங்கள் வாங்கும் நாளில் எது அமலில் இருக்கிறது என்று திட்ட அனுமதி தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். புரோக்கர் வாய்ச்சொல் வேண்டாம்.

கேள்வி: மத்திய அரசின் ஈரநில விதிகள் ஏரிகளைக் காப்பாற்றாதா?

பதில்: 2017 விதிகளில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்கு வெட்டியவைதானே! அதனால் இங்கே கைகொடுப்பது மாஸ்டர் பிளானும் 2014-ன் மாநில ஏரிப் பாதுகாப்புச் சட்டமும்தான்.

கேள்வி: ஏரி வற்றி முப்பது வருஷம் ஆச்சு. பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இன்னுமா ஏரி?

பதில்: பதிவேட்டில் ஏரி என்றால் ஏரிதான். மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி என்று சொல்வீர்கள். வாஸ்தவம்தான். அரசு கட்டினால் பஸ் நிலையம், நாம் கட்டினால் ஆக்கிரமிப்பு!

கேள்வி: பேங்க் லோன் தருகிறதே, அப்புறம் என்ன பயம்?

பதில்: பேங்க் உங்கள் சம்பளத்தையும்தான் பார்த்துத் தருகிறது. லோன் கிடைத்தால் பஃபர் சரி என்று அர்த்தமில்லை.

கேள்வி: வாங்கியே விட்டேன். சைட்டில் கால் பங்கு பஃபரில் வருகிறது.

பதில்: பதறாதீர்கள். பஃபரில் வந்தாலும் நிலம் உங்களுடையதுதான், கட்டடம்தான் கூடாது. அந்தக் கால் பங்கைத் தோட்டமாக விட்டு, மீதிக்கு பிளான் போடுங்கள். ஆனால் பஹணியை (நில உரிமைப் பதிவை) எடுத்து, 'பி கராப்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பொது நிலம். விற்றவருக்கே உரிமை கிடையாது. அப்போது என்னிடம் வராதீர்கள், நல்ல வக்கீலிடம் போங்கள்.