கவ்வாத்து மலையில் ஒரு கல்

ஐயா,
மகளுக்கு எட்டு வயது. டியூசன் வகுப்பில் ஒக்டோபர் 31 ஹலோவீன் வைக்கிறார்களாம், பேய் முகமூடி கேட்டு அழுகிறாள். ஜெபக்குழுவில் அது சாத்தானின் பண்டிகை என்கிறார்கள். அனுப்பலாமா?
— ஒரு தாய், ஹட்டன்

அன்புள்ள தங்கச்சி,

அனுப்புங்கள். மழையில் நனைந்து பிய்யாத முகமூடியாகப் பார்த்து வாங்குங்கள். ஹலோவீனில் வரும் ‘ஹலோ’ (hallow) என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதரைக் குறித்த சொல். ஹலோவீன் என்றால் நவம்பர் 1 சகல புனிதர் திருநாளுக்கு முந்தின மாலை, அவ்வளவுதான். ஜெபக்குழுவோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

பெயர் தெரிந்த புனிதர்களுக்கு வருடம் முழுக்க நாள் இருக்கிறது. ஒருவரும் பெயர் எழுதி வைக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த ஒரு நாள். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த குரு, நம் யோசேப் வாஸ் அடிகளையே பாருங்கள். 1697இல் கண்டியில் அம்மை போட்டு, சொந்தக்காரர்களே கைவிட்டுப் போனவர்களைத் தொட்டுக் கழுவியவர். 1711இல் அங்கேயே இறந்தார். 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் அவருடைய கல்லறை எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. புனிதருக்கே அந்தக் கதி என்றால் கொழுந்து பறித்தவர்களுக்கு?

என் அம்மாயியின் தலைப்பிள்ளையை ஏழாம் நம்பர் மலையோரம் புதைத்தார்கள். பிறகு அங்கேயும் தேயிலை வைத்துவிட்டார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டும்போதுதான் அந்தக் கல் தெரியும். மற்ற வருடங்களில் அம்மாயி நிரையை எண்ணிக்கொண்டே போவாள். பதினொன்றாம் நிரையில் நின்று, சிரட்டைக்குள் மெழுகுதிரியை வைத்து, காற்றுக்கு முந்தானையால் மறைத்துக்கொள்வாள். நவம்பர் 2, இறந்தவர்களை நினைக்கும் சகல ஆத்துமாக்கள் தினம். வேலை நாளாக இருந்தால் பிந்தி வந்ததற்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். அதற்காக ஒரு வருடமும் போகாமல் இருந்ததில்லை. அட்டை கடித்த காலோடு வந்து, ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடிப்பாள்.

அவள் போய் முப்பது வருடம். எனக்கு மலை தெரியும், நிரை தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாள் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் கேட்கத்தான் போகிறேன். பேய்க்கு இவ்வளவு பயப்படுகிறீர்களே, உங்கள் அப்பாயியை எந்த மலையில் வைத்தார்கள் என்று தெரியுமா? அப்பா இருக்கிறாரா? இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். எத்தனையாம் நிரை, எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். நவம்பர் 2 அன்று மகளையும் கூட்டிப் போங்கள். முகமூடியோடு வந்தாலும் பரவாயில்லை. அட்டைக்குச் சவர்க்காரம் தடவி விடுங்கள்.